மோட்டாருக்கு வாரண்டி இருக்கு, மீனுக்கு?

சுவாமிமலைன்னு சொன்னா முருகன் கோயிலும் ஐம்பொன் சிலையும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர்ல, நெல்வயலுக்கு நடுவுல, நமக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் வீட்டு ஹால்ல கடல்நீர் மீன்தொட்டி வச்சிருக்கார். ஆர்.ஓ. தண்ணியில உப்புப் பொடி கரைச்சு, லிட்டருக்கு 35 கிராம் கணக்குல, கடலையே வீட்டுக்குள்ள கொண்டுவந்திருக்கார்.

ஏப்ரல்ல ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. திரும்பி வந்தப்போ ஃபேன் ஓடுச்சு, ஃப்ரிட்ஜ் ஓடுச்சு, தொட்டி பம்ப் மட்டும் ஓடல. வீட்ல எல்லாரும் தூக்கம். சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மியாதான் தங்கும். தண்ணி சுத்தலன்னா அதுவும் தீர்ந்துடும். விடியறப்போ ரெண்டு மீன் செத்து மிதந்துச்சு.

பம்ப் வாங்கி ஒன்பது மாசம். வாரண்டி ஒரு வருஷம். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "பில் இருக்கா சார்?" இருந்தது துண்டுச் சீட்டுல எழுதின எஸ்டிமேட். சீரியல் நம்பர் இல்ல, ஜி.எஸ்.டி. நம்பர் இல்ல. வேற வழியா உள்ள வந்த இறக்குமதிச் சரக்கா இருந்தா, வெளிநாட்டுக் கம்பெனியும் பெரும்பாலும் கைவிரிச்சிடும்.

பம்ப் ஏன் நின்னுச்சு? உள்ள ஒரு காந்தம் சுத்துது. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியம் அதுமேல கொஞ்சம் கொஞ்சமா கல்லாப் படியும். ஓடிக்கிட்டே இருக்கிறவரைக்கும் சமாளிக்கும். ஒருதடவை நின்னா, மறுபடி கிளம்ப சக்தி பத்தாது. அதனாலதான் இந்த பம்ப் நிறைய கரண்ட் கட்டுக்கு அப்புறம் சாகுது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை கழட்டி வினிகர் கலந்த தண்ணியில ஊறப்போட்டா பாதிப் பிரச்சினை வராது. இதை அட்டைப்பெட்டியில பெருசா போட்டா என்ன குறைஞ்சிடும்னுதான் எனக்குத் தோணுது.

டெல்டாவுல வயல் மோட்டார் எரிஞ்சா காயில் கட்டித் தர்ற கடைக்குத் தூக்கிட்டுப் போவாங்க, திரும்ப ஓடும். அண்ணனும் இதைத் தூக்கிட்டுப் போயிருக்கார். ஆனா இதுல காயிலை எபாக்சி ஊத்தி அடைச்சிருக்கு, பிரிக்கவே முடியாது. அந்த எபாக்சியில விரிசல் விட்டா இன்னும் மோசம்: ஷாக் அடிக்கலாம், செப்பும் தண்ணியில கரையும். கோயில் சிலைக்கு உயிரே செப்புதான். தொட்டியில இருக்கிற இறாலுக்கும் பவளத்துக்கும் கொஞ்சூண்டு செப்பு போதும், செத்துடும். விரிசல் தெரிஞ்சா வாரண்டியை யோசிக்காம முதல்ல வெளிய எடுத்துடுங்க.

அடுத்து லைட். '50,000 மணி நேரம்'னு போட்டிருக்கும். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் எரிச்சாலும் பதிமூணு வருஷத்துக்கு மேல வரணும். ஆனா அந்தக் கணக்கு எல்.இ.டி. சிப்புக்கு, அதுவும் பொதுவா வெளிச்சம் 70 சதவீதமாக் குறையிற வரைக்கும். சிப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. டிரைவர் போகும், ஃபேன் போகும், உப்புக்காத்து பட்டு சர்க்யூட் போர்டு பச்சை பூத்துப் போகும். அண்ணனோட லைட் பதினாலாவது மாசம் போச்சு, ரெண்டு வருஷ வாரண்டிக்குள்ளதான். வந்த பதில்: "ஈரம் பட்டிருக்கு, வாரண்டி செல்லாது." தண்ணித் தொட்டிக்கு மேல தொங்கவிடுன்னு வித்த லைட்டு!

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில அமலுக்கு வந்துச்சு. அதன்படி பில் தர மறுக்கிறதே முறையற்ற வணிகம். சென்னையில வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்கிற இடத்துலயே புகார் கொடுக்கலாம்; சுவாமிமலைக்காரருக்குத் தஞ்சாவூர் மாவட்ட ஆணையம். 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்ல. பிரச்சினை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்க.

மீனுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். கிடைக்கிறது உங்க ஆதாரத்தைப் பொறுத்தது: மீனுக்கும் பில் வேணும், பம்ப் நின்னதாலதான் செத்துச்சுன்னும் காட்டணும். அண்ணன்கிட்ட ரெண்டும் இல்ல. இன்னொரு எச்சரிக்கை. பாறை கட்டுற பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. மன்னார் வளைகுடாவுல இருந்து யாரோ எடுத்துக் கொடுத்ததைத் தொட்டியில வச்சிருந்தா, புகார் எழுதுறது உங்க மேலேயே கேஸ் எழுதுற மாதிரி.

அண்ணன் இப்போ பெரிய பம்ப் ஒண்ணுக்குப் பதிலா சின்னதா ரெண்டு போட்டிருக்கார், தனித்தனி பிளக்ல. கூடவே பேட்டரியில ஓடுற ஏர் பம்ப், கரண்ட் போனா தானா ஓடும். இந்தத் தடவை வாங்குறப்போ சீரியல் நம்பரோட பில் கேட்டிருக்கார். கடைக்காரர் "ஜி.எஸ்.டி. சேர்ந்து வரும் சார், பரவாயில்லையா?"ன்னு கேட்டாராம். "போடுங்க"ன்னுட்டார்.