ஏற்ற மகவும் அரசின் காவலும்

பெற்றோரை இழந்த குழந்தைக்குப் பிறர் தாயும் தந்தையுமாக நின்று வளர்க்கும் அறம் மிகத் தொன்மையானது. பறம்பு மலைத் தலைவனாகிய வள்ளல் பாரி மாய்ந்தபோது அவன் மகளிர் துணையற்றவராயினர். பாரியின் உயிர்த்தோழராகிய கபிலர் அவர்களைத் தம் மக்களாகவே கருதி உடன் அழைத்துச் சென்றார். விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரிடம் சென்று, அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார், அவர்கள் இசைந்திலர். பின்னர் அவர்களைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார் எனப் புறநானூற்றின் பழங்குறிப்புகள் கூறுகின்றன. தோழனின் மக்களுக்குத் தக்கதோர் இடம் வாய்க்குமளவும் கபிலரின் கவலை ஓயவில்லை.

துணையற்ற குழந்தைகள் அனைவருக்கும் இத்தகைய சான்றோர் ஒருவர் கிடைப்பதில்லை. ஆதலின், இக்காலத்தில் அந்நிலையில் அரசு நிற்கின்றது. குழந்தையை ஒரு குடும்பத்தினிடம் சேர்ப்பிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுமா? முடியாது. சேர்ப்பித்த பின்னரும் அக்குழந்தை நலமாக வாழ்கின்றதா என்று சென்று பார்ப்பதும் அக்கடமையின் ஒரு கூறேயாகும். குழந்தையை வேண்டி வருவோரின் வருவாய், உடல்நலம், இல்லம் ஆகியவற்றை முன்னரே ஆராயலாம். ஆனால், வந்த குழந்தையிடம் அவர்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை எந்த ஏடும் முன்கூட்டி உரைக்காது. தனக்கு நேரும் துன்பத்தை எடுத்துச் சொல்லக் குழந்தைக்கோ வாயில்லை, வாயிருந்தாலும் துணிவில்லை.

இவ்வுண்மையை இங்கிலாந்து நாடு பெருந்துயருற்றே உணர்ந்தது. டென்னிஸ் ஓநீல் என்பவன் பன்னிரண்டு அகவைச் சிறுவன். நியூப்போர்ட் நகராட்சியின் பொறுப்பில் இருந்த அவனும் அவன் தம்பியும் 1944ஆம் ஆண்டில் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்காக விடப்பட்டனர். அங்கே அவன் பசியாலும் அடியாலும் வாடினான். அவனை அங்குச் சேர்த்தவர்கள் உரிய காலத்தில் முறையாகச் சென்று காணவில்லை. இரண்டு ஊராட்சிகளுள் எது கண்காணிப்பது என்பதும் தெளிவாக இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அச்சிறுவன் உயிர் நீத்தான். வளர்த்தவர்களை நீதிமன்றம் தண்டித்தது. சர் வால்டர் மாங்க்டன் இதனை விசாரித்துக் கண்காணிப்பில் நேர்ந்த குறைகளை வெளிப்படுத்தினார். பின்னர் 1946ஆம் ஆண்டில், குழந்தைகளின் பராமரிப்பைப் பற்றி ஆராய்ந்த கர்ட்டிஸ் குழு தன் அறிக்கையை வழங்கியது. அதன் பயனாக 1948ஆம் ஆண்டில் குழந்தைகள் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு வட்டார ஆட்சியிலும் குழந்தைகளுக்கெனத் தனிக்குழுவும் தனி அலுவலரும் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. பலர்க்கும் பொதுவாக இருந்த பொறுப்பு ஒருவர்க்கு உரியதாயிற்று.

நம் நாட்டில் இத்துறையில் வழங்கும் சட்டங்களுள் பழமையானது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமாகும். இதன்படி, பெற்றோரற்ற சிறார்க்கு நீதிமன்றம் காப்பாளர் ஒருவரை அமர்த்தலாம். அங்ஙனம் அமர்த்தும்போது சிறாரின் நலனையே முதன்மையாகக் கருதுதல் வேண்டும். சிறாரின் உடைமையைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர், நீதிமன்றம் கேட்குமாயின், அவ்வுடைமையின் விவரத்தையும் வரவு செலவுக் கணக்கையும் காட்டல் வேண்டும். நீதிமன்றத்தின் இசைவின்றி நிலத்தையோ வீட்டையோ விற்கவும் அடகு வைக்கவும் அவர்க்கு உரிமை இல்லை. கடமையில் தவறுவோரை நீதிமன்றம் நீக்கலாம். காப்பவரே கவர்பவராக மாறாதிருத்தற்கு இவ்வேலி இடப்பட்டது.

காப்பாளரின் பொறுப்பு, சிறார் உரிய அகவை எய்தியதும் முடிவுறும். தத்தெடுத்தலோ அவ்வாறு முடிவதன்று. தத்தாக வந்த குழந்தை அக்குடும்பத்தின் மகவாகவே ஆகிவிடுகின்றது. அதனாலேயே, அவ்வுறவு வேரூன்றும் தொடக்கக் காலத்தில் மிகுந்த கருத்து வேண்டப்படுகின்றது. நம் நாட்டுக் குழந்தைகளை அயல்நாட்டார் தத்தெடுக்கும் முறையில் உள்ள கேடுகளைக் குறித்து லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே வழக்காக ஏற்ற நீதிமன்றம், 1984ஆம் ஆண்டில் விரிவான நெறிகளை வகுத்தது. கடல் கடந்து சென்ற குழந்தை எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிவிக்கும் அறிக்கைகள் வந்துகொண்டிருத்தல் வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று.

இன்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் நடைமுறையில் உள்ளன. தத்தெடுப்புக்குரிய ஆணையை மாவட்ட நடுவர் என்னும் நிலையில் மாவட்ட ஆட்சியர் வழங்குகின்றார். குழந்தை புதிய பெற்றோரிடம் சேர்ந்த நாளிலிருந்து ஈராண்டுக் காலம், ஆறு திங்களுக்கு ஒருமுறை, அதன் நலம் குறித்து அறிக்கை எழுதப்படுகின்றது. அயல்நாடு சென்ற குழந்தையாயின், முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் இரண்டாமாண்டில் ஆறு திங்களுக்கு ஒருமுறையும் அறிக்கை வருதல் வேண்டும். சிறிது காலத்திற்கு வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்படும் குழந்தைகளையோ, குழந்தைகள் நலக்குழு திங்கள்தோறும் பார்வையிடல் வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது.

இல்லத்திற்கு வரும் சமூகப் பணியாளர் எவற்றைக் காண்கின்றார்? குழந்தையின் உடல்நலம், உணவு, உறக்கம், கல்வி ஆகியவற்றைக் காண்கின்றார். அது பெற்றோரை நாடி ஓடுகின்றதா, அஞ்சி ஒதுங்குகின்றதா என்பதையும் உற்று நோக்குகின்றார். குறையொன்று தோன்றினால் உடனே குழந்தையைப் பிரித்துவிடுவதில்லை. முதற்கண் அறிவுரையும் துணையும் அளிக்கப்படும். உறவு எவ்வாற்றானும் பொருந்தாதாயின், குழந்தைக்கு வேறு நல்லிடம் தேடப்படும்.

அன்போடு வளர்ப்போரை இவ்வாறு ஆராய்வது அவரை ஐயுறுவதாகாதா எனச் சிலர் வினவுவர். கன்றை நட்டவன் நாள்தோறும் அதன் வேரடியைப் பார்க்கின்றான். மண்ணின்மீது கொண்ட ஐயத்தால் அங்ஙனம் செய்வதில்லை. மேலும், வருபவரால் பெற்றோரும் பயன் எய்துகின்றனர். ஆறேழு அகவையில் புது இல்லம் புகுந்த குழந்தை, முன்பு பட்ட துன்பத்தை நினைந்து இரவில் அழலாம்; உணவைக் கொண்டுபோய் ஒளித்து வைக்கலாம். அதன் காரணம் அறியாத பெற்றோர் மனம் வருந்துவர். பழகிய பணியாளர் அதனை விளக்கிக் கூறினால் அவர் கவலை நீங்கும்.

ஒன்றை யாவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆணை உள்ள இடத்திற்கே அதிகாரி வருவார். எவரும் அறியாதவாறு கைக்குக் கைமாறிய குழந்தையைத் தேடி வருவார் எவரும் இலர். அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்குத் தீங்கு நேரினும் கேட்பார் இரார். ஆதரவற்ற குழந்தையைச் சட்டநெறிக்குப் புறம்பாகக் கொடுப்பதும் பெறுவதும் குற்றமாக விதிக்கப்பட்டிருப்பதன் கருத்து இதுவே. அக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும்.

ஈராண்டுக்குப் பின் அதிகாரியின் வருகை நின்றுவிடும். குழந்தைப் பருவமோ அதன் பின்னும் நீளும். அக்காலத்தில் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் உடன் பயிலும் மாணவரும் அக்குழந்தைக்குக் கண்ணாக அமைதல் வேண்டும். துன்புறும் குழந்தையைக் கண்டவர் 1098 என்னும் தொலைபேசி எண்ணில் அதனைத் தெரிவிக்கலாம். குழந்தையே பேசினாலும் அவ்வழி திறந்துள்ளது. சட்டம் வகுப்பது அரசின் கடன். கண்டும் காணாதவர்போல் இராமை நம் அனைவரின் கடன்.