நாற்றுக்கு நிழல் கட்டினோம், பிள்ளைக்கு?

ஊரில் மிளகாய் நாற்றுமேடைக்குக் கிடுகால் நிழல் கட்டிய கைகள் நம்முடையவை. இன்று அதே கவனம் தகரக் கொட்டிலில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தேவை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது. நண்பகலில் தகரம் அடுப்பாகக் கொதிக்கும். சிறு பிள்ளையின் உடல் பெரியவரின் உடலைவிட விரைவில் சூடேறும், வியர்ப்பதும் குறைவு. தாகமென்று சொல்லக் கைக்குழந்தைக்குத் தெரியாது. உதடு காய்வது, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாவது, சோர்ந்து கிடப்பது ஆகியவையே அது தரும் எச்சரிக்கை.

நாம் செய்யக்கூடியவை சில. தகரத்தின் மேல் கிடுகு பரப்புங்கள். நண்பகலில் பிள்ளைகளை மரநிழலில் வைத்திருங்கள். கொதித்தாறிய நீரை அடிக்கடி பருகக் கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கொடுங்கள். அது இல்லாவிடில், 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள்.

உடல் கொதித்துப் பிள்ளை பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்க வேண்டாம். உடலை நனைத்து, விசிறியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

காணிக்குத் திரும்பும்வரை நம்மிடமுள்ள நாற்றுமேடை இந்தக் கொட்டில்தான்.