பாட்டி கட்டிலுக்கு வந்த படக்கொட்டகை

சனிக்கிழமை இரவு எட்டு மணி. சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிட்டது. கூடத்தில் பாய் விரித்தாயிற்று. ஒரு கிண்ணத்தில் முறுக்கு, இன்னொன்றில் வேர்க்கடலை. "விளக்கை அணைடா!" என்று பாட்டியின் குரல் கேட்கிறது. படம் ஆரம்பம்!

2000-க்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடந்த காட்சி இது. டி.வி.டி. என்னும் பளபளக்கும் தகடு செய்த வேலை.

அதற்கு முன்பும் வீட்டில் படம் பார்த்தவர்கள் உண்டு. 1980-களில் 'டெக்' வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை வீணாகக் கூடாதே என்று விடிய விடிய மூன்று படம் ஓடும். தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். அது திருவிழா, குடும்பக் காட்சி என்று சொல்ல முடியாது.

பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு தகட்டில் சுமார் 74 நிமிடப் படம்தான் அடங்கும். நம் படங்களோ பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். ஆகவே ஒரு படத்துக்கு இரண்டு தகடு, சமயத்தில் மூன்று. கதாநாயகன் வில்லன் மீது பாயும் நேரம் பார்த்துத் தகடு தீர்ந்துபோகும்! டி.வி.டி. வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. அகலம் என்னவோ அதே 12 சென்டிமீட்டர்தான். இன்னும் நுண்ணிய ஒளிக்கதிரால் படிப்பதால், பதிவை நெருக்கி நெருக்கி வைக்க முடிந்தது. முழுப்படமும் ஒரே தகட்டில் அடங்கியது.

எங்கள் வீட்டுக்கு இந்த யந்திரம் வந்தது 2007-ல். காரணம் பாட்டி. ஒரு பக்கம் கைகால் விழுந்து, மூன்று ஆண்டுகளாகக் கட்டிலோடு இருந்தாள். மாமியாரைத் தனியே விட்டுவிட்டு அம்மா எப்படிக் கொட்டகைக்குப் போவாள்? நாங்கள் போவோம், வந்து கதை சொல்வோம். அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொள்வாள். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கென்ன படமும் கிடமும்?" என்பாள். அதை நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் போட்ட படம் 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. படம் முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடேன்" என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தலையணைக்கு அடியில் ரிமோட்

பாட்டிக்குக் காது மந்தம். "என்ன சொன்னான்?" என்பாள். படத்தை நிறுத்தி விளக்க வேண்டும். கொட்டகையில் இது நடக்குமா? அப்பாவோ பாட்டு வந்தால் தாண்டிவிடுவார். "ஓட்டாதேடா!" என்று பாட்டி அதட்டுவாள். சண்டை முற்றி, கடைசியில் ரிமோட் பாட்டியின் தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

தகடு மக்கர் செய்தால் அப்பா வேட்டி நுனியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். அது தவறு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். பதிவு சுருளாக ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலை யந்திரம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பதிவோடு சேர்ந்து ஓடும் கீறலென்றால் திணறிப்போகும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாங்கள் ஆரம்பத்தில் வாங்கியதெல்லாம் நடைபாதைச் சரக்குதான். கொட்டகைக்குள் காமிரா வைத்துத் திருடிய படம். குறுக்கே ஒருவர் எழுந்து போவார், யாரோ இருமுவார். 2004-ல் தமிழக அரசு வீடியோத் திருடர்களைக் குண்டர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. அசல் தகட்டின் விலை அப்படி!

2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. பழைய படங்களெல்லாம் மளிகைச் சாமான் வாங்குவதுபோல வீட்டுக்கு வந்தன. நாங்களும் அன்றிலிருந்து யோக்கியர்களானோம். புதுப்படம் உடனே வேண்டும் என்பவர்கள் மட்டும் நடைபாதையை விடவில்லை. 2015-ல் இயக்குநர் சேரன் தம் புதுப்படத்தையே நேராகத் தகட்டில் வெளியிட்டுப் பார்த்தார். நல்ல யோசனைதான், சற்றுத் தாமதமாக வந்தது. அதற்குள் படம் கைபேசிக்குள் போக ஆரம்பித்துவிட்டது. மோசர் பேயரும் 2018-ல் கலைப்பு உத்தரவுக்கு ஆளானது.

இப்போது என் பிள்ளைகள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு படம் பார்க்கிறார்கள். ரிமோட்டுக்குச் சண்டை இல்லை.

பாட்டி 2011-ல் காலமானாள். 2009-ல் தங்கை கல்யாணத்துக்கு அவளை நாற்காலியோடு தூக்கி வந்தோம். அது ஒரு டி.வி.டி.யில் இருக்கிறது. போன மாதம் அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் யந்திரத்தின் தட்டு வெளியே வரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து ஒன்று கிடைத்தது. படக் கம்பெனித் தகடுகள் அச்சில் வார்த்தவை. கல்யாணத் தகடு அப்படியல்ல. சாயப் பூச்சின்மேல் ஒளியால் எழுதியது. வெயிலும் வெக்கையும் பட்டால் கெடும். எங்கள் தகடு ஜன்னலோர அலமாரியில் இருந்தது.

நாதஸ்வரம் கேட்டது. மாலை மாற்றினார்கள். பாட்டி ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினாள்; படம் அப்படியே நின்றுவிட்டது. நான் தகட்டை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"எடுக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா.