பந்தயத்திற்கா, மலைப்பாதைக்கா?
ஏ.டி.வி. வாங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள்

எல்லைப்புறத்தின் வழிகள் வேடிக்கையானவை. பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்திற்குத் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே வண்டி செல்ல வேண்டும். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏற வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி இறங்குகின்றனர். கரடுமுரடான பாதை இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. அப்பாதைக்கென்றே பிறந்த நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிதான் புதியது.

அண்மையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகனின் கையில் இரண்டு வண்டிகளின் படங்கள் இருந்தன. இரண்டும் விளையாட்டு ரகம். “இவற்றில் எது நல்லது? எதற்குக் கடன் தருவீர்கள்?” என்று தந்தை கேட்டார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை காண வேண்டியிருந்தது. அவருக்கு நாம் கூறியவற்றை இங்கே அனைவருக்கும் கூறுகிறோம்.

இரு வண்டிகள், இரு குணங்கள்

1970-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கர வண்டியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகை வண்டிகள் எளிதில் கவிழ்ந்தமையால் 1988-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் நான்கு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. 1985-இல் சுசுகி வெளியிட்ட 250 சி.சி. ‘குவாட்ரேசர்’ விளையாட்டு ரகத்திற்கு வழிகாட்டியது.

இன்று அந்த ரகத்திலும் இரு பிரிவுகள் உள்ளன. யமஹாவின் இரு வண்டிகளை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘ஒய்.எஃப்.இசட். 450 ஆர்’ பந்தயக் களத்திற்காக வடிவமைக்கப்பட்டது. 449 சி.சி. எஞ்சின், அதன் முழு வலிமையும் எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போதுதான் வெளிப்படும். வளைவுகளில் சாயாதிருக்க அகலம் சுமார் 124 சென்டிமீட்டர். அதற்குப் பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியர் கிடையாது. பந்தயத்தில் அதற்குத் தேவையுமில்லை.

‘ராப்டர் 700’ வேறு குணம் உடையது. 686 சி.சி. எஞ்சின் குறைந்த வேகத்திலேயே இழுவை தரும். அகலம் சுமார் 117 சென்டிமீட்டர். ரிவர்ஸ் கியர் உண்டு. உலகப் புகழ்பெற்ற டக்கார் நெடும்பந்தயத்தில் 2009 முதல் 2024 வரை இத்தகைய வண்டிகளுக்கெனத் தனிப்பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் வாகை சூடியது ராப்டரே. பல நாள் பாலைவனத்தில் ஓடும் பந்தயத்திற்கு உழைக்கும் வண்டியே தேவைப்பட்டது.

ஏழு சென்டிமீட்டர் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கும் தோட்டத்துத் தடத்தில் அது அற்பமன்று. முன்னே மரம் விழுந்து கிடந்தால், ரிவர்ஸ் இல்லாத சுமார் 180 கிலோ வண்டியைச் சரிவில் கையால் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே சமதளத்தில் தனிக் களம் அமைத்துப் பயில்வோருக்கு முதல் வண்டியும், மலைத்தடத்தில் நெடுநேரம் ஓட்டுவோருக்கு இரண்டாவதும் பொருந்தும். சித்தூர் வட்டத்துச் சமவெளியில் இருப்பவரும் உடும்பன்சோலை மலையில் இருப்பவரும் ஒரே வண்டியை விரும்ப வேண்டியதில்லை.

மூன்றாவது விடை

நம் வாடிக்கையாளரின் தேவையை விசாரித்தபோது, தோட்டத்தில் உரமூட்டை ஏற்றவும் மழைக்காலத்தில் மேட்டுப் பகுதிக்குச் சென்று வரவும்தான் அவருக்கு வண்டி வேண்டியிருந்தது. இதற்கு மேற்சொன்ன இரண்டுமே உதவா. விளையாட்டு ரகத்தில் பின்சக்கரங்கள் மட்டுமே சங்கிலியால் இயங்கும். சுமை ஏற்றும் தாங்கி இராது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் பணி ரகமே தோட்டத்திற்கு ஏற்றது. 2011-இல் இந்தியாவிற்கு வந்த போலாரிஸ் நிறுவனம், தனது ‘ஸ்போர்ட்ஸ்மேன் 570’ வண்டியை வேளாண் டிராக்டர் என்ற வகையில் சான்று பெற்று, பதிவு செய்யத்தக்க வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பதிவும் கடனும்

பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தடுக்கிறது. விளையாட்டு ஏ.டி.வி.க்களுக்குச் சாலைக்கான வகைச் சான்று இல்லாமையால் அவற்றைப் பதிவு செய்ய இயலாது. வீட்டிலிருந்து தோட்டம் வரை அரை கிலோமீட்டர் சாலையானாலும், வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு செல்ல வேண்டும்.

கடனுக்கும் இதனால் சிக்கல் உண்டு. வாகனக் கடனில் வண்டியே ஈடு. பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் ஹெச்.பி. எனக் குறிக்கப்படும். பதிவே இல்லாத வண்டிக்கு அக்குறிப்பை எங்கே இடுவது? எனவே இத்தகைய வண்டியைப் பெரும்பாலும் கைப்பணத்திலோ, வட்டி கூடுதலான தனிநபர் கடனிலோதான் வாங்க வேண்டியிருக்கும். நகையை அடகு வைத்து விளையாட்டு வண்டி வாங்குவதை நாம் ஊக்குவிப்பதில்லை. விலையோடு டயர், சங்கிலி, உதிரிபாகங்கள், அருகிலுள்ள பழுதுபார்ப்பு நிலையத்தின் தொலைவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தங்கும் விடுதி நடத்துவோர் சவாரிக்காக வாங்குவதானால், எத்தனை மாதம் வருமானம் வரும் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மாவட்ட நிர்வாகத்தின் ஆணைகளும் உண்டு. 2022 மே மாதம் வாகமண் தேயிலைத் தோட்டமொன்றில் தடையை மீறி நடந்த ஆஃப்ரோடு நிகழ்ச்சி வழக்கில் முடிந்தது. 2025 சூலையில் இடுக்கியில் ஜீப் சவாரிகளுக்குத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் நிபந்தனைகளுடனேயே தளர்த்தப்பட்டது. மாதத் தவணை இவற்றுக்காகக் காத்திராது. காட்டுப்பகுதியிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவது தனிக் குற்றம்.

உயிர்க்காப்பு

விளையாட்டு ஏ.டி.வி. ஒருவர் மட்டுமே அமர்வதற்கானது. ஓட்டுபவர் உடலைச் சாய்த்தே சமநிலை காக்க வேண்டும். பின்னால் மற்றொருவர் அமர்ந்தால் அது இயலாது. 90 சி.சி.க்கு மேற்பட்டவை 16 வயதிற்குக் குறைந்தவர்களுக்கு உரியவை அல்ல என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கின்றனர். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இவ்வண்டிகளில் உயிரிழக்கின்றனர். தலைக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, கையுறை ஆகியவற்றின் விலையையும் வண்டியின் விலையாகவே கொள்க. பந்தயத்தில் நேரும் விபத்திற்கு இழப்பீடு கிடையாது எனப் பல தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் நிபந்தனை உண்டு. கையொப்பமிடும் முன் அப்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

நம்மிடம் வந்த தந்தை பணி ரக வண்டியைப் பற்றி விசாரிப்பதாகக் கூறி எழுந்தார். மகனின் முகம் சற்று வாடியது. பயிற்சிக் களம் ஒன்றில் வாடகை வண்டியை முறையாக ஓட்டிப் பழகிப் பார்க்கட்டும், ஓராண்டிற்குப் பின்னும் ஆசை குறையாதிருந்தால் அப்போது பேசுவோம் என்றோம். அதுவரை தவணை கட்டும் தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வருமாறும் கேட்டுக்கொண்டோம். மறுநாளே மகனின் பெயரில் அக்கணக்கு தொடங்கப்பட்டது.