படிக்கட்டில் பறந்த அண்ணன் - தம்பி!

கத்தரிக்கோலை வென்ற நடனம்

பெரிய நடன மண்டபம். மேடையில் அகலமான படிக்கட்டு. அதன் உச்சியில் இரண்டு வாலிபர்கள் நிற்கிறார்கள். இருவரும் கோட்டும் டையும் அணிந்திருக்கிறார்கள். காலில் பளபளக்கும் பூட்ஸ்.

வாத்தியங்கள் முழங்குகின்றன. ஒருவர் மற்றவரின் தலைக்கு மேலே தாவுகிறார். தாவியவர் அடுத்த படியில், ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டியபடி, தரையோடு தரையாக விழுகிறார்.

"ஐயோ! கால் போயிருக்குமே!" என்று பார்ப்பவர்கள் பதறுகிறார்கள். அதற்குள் மேலே நின்றவர், விழுந்தவரின் தலைக்கு மேலே தாவுகிறார். அதற்கும் கீழே உள்ள படியில் அதே போல விழுகிறார்.

இப்படி மாறி மாறித் தாவி, ஒவ்வொரு படியாகக் கீழே வந்து சேருகிறார்கள். கையைத் தரையில் ஊன்றாமலே எழுந்து நிற்கிறார்கள். முகத்தில் வலியின் அறிகுறியே இல்லை. சிரிப்புத்தான் இருக்கிறது!

இது சர்க்கஸ் அல்ல. சினிமா. 1943-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த "ஸ்டார்மி வெதர்" என்ற படத்தில் வரும் நடனக் காட்சி. "ஸ்டார்மி வெதர்" என்றால் "புயல் வானிலை" என்று பொருள்.

ஹாலிவுட்டின் நடனச் சக்கரவர்த்தி என்று பெயர் எடுத்தவர் பிரெட் அஸ்டேர். சினிமாவில் தான் பார்த்த நடனங்களிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று அவர் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

சக்கரவர்த்தியே பாராட்டிய அந்த இருவர் யார்?

பாட்டுக்காரக் குடும்பம்

அவர்கள் உடன்பிறந்த அண்ணன் - தம்பி. அண்ணன் பெயர் பயார்டு நிக்கோலஸ். 1914-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். தம்பி பெயர் ஹெரால்டு நிக்கோலஸ். 1921-ம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். இருவரும் கறுப்பர் இனத்தைச் சேர்ந்தவர்கள்.

தம்பிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து ஊமைப்படங்களில் ஹெரால்டு லாயிடு என்ற சிரிப்பு நடிகர் புகழ் பெற்றிருந்தார். பயார்டுக்கு அவரை மிகவும் பிடிக்கும். தம்பி பிறந்ததும், அவர் பெயரையே தம்பிக்கு வைக்கச் சொன்னார்.

தகப்பனார் முரசு வாசிப்பவர். தாயார் பியானோ வாசிப்பவர். பிலடெல்பியா நகரில் உள்ள ஒரு நாடகக் கொட்டகையில் இருவரும் வாத்தியக் குழு நடத்தினார்கள்.

அம்மாவும் அப்பாவும் வாசிக்கும்போது, சிறுவன் பயார்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பான். அங்கே வந்த பெரிய நடனக்காரர்களின் ஆட்டத்தை எல்லாம் கண் கொட்டாமல் பார்ப்பான். வீட்டுக்குப் போனதும் அதே போல ஆடிப் பார்ப்பான்.

அவன் எந்த நடனப் பள்ளிக்கும் போகவில்லை. கொட்டகைதான் பள்ளிக்கூடம். கண்தான் வாத்தியார்!

தான் கற்றதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தான். அண்ணனைப் பார்த்துத் தம்பி ஆடினான். இருவரும் ஜோடியானார்கள்.

தகப்பனார் மகனுக்கு ஒரு புத்திமதி சொன்னார். "மற்றவர்களைப் போல ஆடாதே. உன் பாணியில் ஆடு. ஆடும்போது உன் காலைப் பார்க்காதே. ஜனங்களைப் பார்" என்பதுதான் அதன் சாரம். அண்ணனும் தம்பியும் கடைசி வரை அதை மறக்கவில்லை.

பூட்சுக்குள்ளே தாளம்

அவர்கள் ஆடியது "டாப்" நடனம். டாப் என்றால் தட்டுவது. பூட்சின் அடியில், முன்புறத்தில் ஒரு உலோகத் தகடும் குதிகாலில் ஒரு தகடும் பொருத்தி இருப்பார்கள். தரையைத் தட்டும்போது "டக், டக்" என்று ஓசை வரும். நம் நாட்டியத்தில் சலங்கை ஒலிப்பது போல, அங்கே பூட்ஸ் ஒலிக்கிறது.

இந்த நடனம் எப்படிப் பிறந்தது? ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்கள், தங்கள் தாளத்தை மறக்காமல் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். அயர்லாந்து, இங்கிலாந்து நாடுகளில் இருந்து குடியேறியவர்கள் தங்கள் கால் ஆட்டத்தைக் கொண்டு வந்தார்கள். இரண்டும் அமெரிக்க மண்ணில் கலந்தன. பிறந்தது டாப் நடனம்.

ஆடலாம், உட்காரக் கூடாது!

1932-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதி ஹார்லெம். அங்கே "காட்டன் கிளப்" என்ற புகழ் பெற்ற கேளிக்கை விடுதி இருந்தது. நிக்கோலஸ் சகோதரர்களுக்கு அங்கே ஆட வாய்ப்புக் கிடைத்தது. அப்போது தம்பிக்கு வயது 11 தான்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் கறுப்பர்கள். பார்க்க வருகிறவர்கள் வெள்ளையர்கள். கறுப்பர்கள் மேடையில் ஆடலாம். வெள்ளையர்களோடு கீழே உட்காரக் கூடாது! சிறுவர்கள் என்பதால் நிக்கோலஸ் சகோதரர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

அங்கே அவர்கள் ஆடுவதைப் பார்த்தார் சினிமா முதலாளி சாமுவேல் கோல்டுவின். ஹாலிவுட்டுக்கு அழைத்தார். 1934-ல் வெளிவந்த "கிட் மில்லியன்ஸ்" என்ற படத்தில் இருவரும் ஆடினார்கள்.

ஆடல் பாடல் படங்கள்

அது ஹாலிவுட்டில் ஆடல் பாடல் படங்கள் கொடி கட்டிப் பறந்த காலம். 1927-ல் வந்த "ஜாஸ் சிங்கர்" என்ற படம் பாட்டையும் பேச்சையும் திரைக்குக் கொண்டு வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஆண்டுதோறும் ஆட்டமும் பாட்டுமாகப் படங்கள் குவிந்தன.

பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்சும் 10 படங்களில் ஜோடியாக ஆடினார்கள். பார்த்தால், காற்றில் மிதப்பது போல இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு கொஞ்சமா? 1936-ல் வந்த "ஸ்விங் டைம்" படத்தின் ஒரு நடனத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஜிஞ்சரின் காலில் இரத்தம் கசிந்து விட்டது!

ஜீன் கெல்லி இன்னொரு பெரிய நடனக்காரர். 1952-ல் வந்த "சிங்கிங் இன் தி ரெய்ன்" படத்தில் கொட்டும் மழையில், குடையோடு ஆடுவார். உலகமே ரசித்த நடனம் அது. அதை எடுத்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல்!

அஸ்டேரும் கெல்லியும் கதாநாயகர்கள். கதை அவர்களைச் சுற்றி நடக்கும். அவர்கள் காதலிப்பார்கள். சண்டை போடுவார்கள். முடிவில் கதாநாயகியைக் கைப்பிடிப்பார்கள்.

நிக்கோலஸ் சகோதரர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. என்ன காரணம்?

கத்தரிக்கோல் காத்திருந்தது

அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறவெறி தலைவிரித்து ஆடியது. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். பஸ்சில் தனி இடம். சினிமாக் கொட்டகையிலும் தனி இடம்.

வெள்ளையர்களுக்குச் சமமாகக் கறுப்பர்கள் திரையில் தோன்றுவதை அங்கே பலர் விரும்பவில்லை. படக் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. கறுப்பர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தன. தென் மாநிலங்களுக்குப் படம் போகும்போது, அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எறிந்து விடலாம். கதை கெடாது!

1940-ல் வந்த "டவுன் அர்ஜென்டைன் வே" என்ற வண்ணப்படத்தைப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் திடீரென்று வருவார்கள். ஆடுவார்கள். கொட்டகையே அதிரும். பிறகு காணாமல் போய் விடுவார்கள். கதைக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இருக்காது.

1942-ல் வந்த "ஆர்க்கெஸ்ட்ரா வைவ்ஸ்" படத்திலும் இதே கதைதான். அதில் தம்பி ஹெரால்டு ஓடிப்போய்ச் சுவரில் ஏறி, பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து, கால்களை நீட்டியபடி தரையில் விழுவார். சில நிமிடங்கள்தான். அதோடு சரி.

புகழ் பெற்ற பாடகி லீனா ஹார்ன் பாடிய காட்சிகளுக்கும் தெற்கே இதே கதி ஏற்பட்டது.

சிறுமி நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள், 1935-ல் வந்த "லிட்டில் கர்னல்" படத்தில் பில் ராபின்சன் என்ற கறுப்பு நடனக்காரருடன் மாடிப்படியில் ஆடினாள். அவர் டாப் நடனத்தில் மேதை. ஆனால் படத்தில் அவருக்குக் கொடுத்தது வேலைக்காரன் வேடம்! ஒரு சிறுமி அவர் கையைப் பிடித்து ஆடுவதைக் கூடத் தெற்கே சகிக்கவில்லை. அந்த இடத்தை அங்கே வெட்டினார்கள்.

ஒத்திகை இல்லாத ஆட்டம்

1943-ல் வந்த "ஸ்டார்மி வெதர்" வேறு மாதிரியான படம். அதில் முக்கிய நடிகர்கள் அனைவரும் கறுப்பர்களே. பில் ராபின்சன்தான் கதாநாயகன். லீனா ஹார்ன் கதாநாயகி. கறுப்பர்களே நடித்த படம் என்பதால், படத்தின் கடைசியில் நிக்கோலஸ் சகோதரர்கள் மனம் போல ஆடினார்கள்.

காப் காலோவே தம் வாத்தியக் குழுவோடு பாட்டை ஆரம்பிக்கிறார். அண்ணனும் தம்பியும் ஆடிக்கொண்டே வாத்தியக்காரர்களின் நடுவே தாவுகிறார்கள். பியானோவின் மேலே ஏறித் தட்டுகிறார்கள். பிறகுதான் அந்தப் படிக்கட்டு!

படிக்கட்டுக் காட்சியை ஒத்திகை பார்க்காமல், ஒரே தடவையில் எடுத்ததாக அவர்கள் பின்னாளில் சொன்னார்கள். நடன ஆசிரியர் நிக் காசில், "ஒத்திகை வேண்டாம், அப்படியே ஆடி விடுங்கள்" என்று சொல்லி விட்டாராம். படம் வெளிவந்தபோது அண்ணனுக்கு வயது 28. தம்பிக்கு 22.

அன்று ஒத்திகை இல்லை என்றால், உழைப்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. சிறு வயது முதல் ஒவ்வொரு நாளும் ஆடிய ஆட்டம்தான் அவர்களுக்கு ஒத்திகை. ஒருவர் எப்போது தாவுவார், எங்கே விழுவார் என்பது மற்றவருக்குப் பார்க்காமலே தெரியும். அண்ணன் - தம்பி அல்லவா!

கெல்லி பிடித்த பிடிவாதம்

1948-ம் ஆண்டு ஜீன் கெல்லி "பைரேட்" என்ற படத்தில் நடித்தார். "பைரேட்" என்றால் கடற்கொள்ளைக்காரன். அதில் தன்னோடு நிக்கோலஸ் சகோதரர்கள் ஆட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மூவரும் தோளோடு தோள் சேர்த்து ஆடினார்கள்.

வெள்ளைக்காரக் கதாநாயகனும் இரண்டு கறுப்பர்களும் சமமாக ஆடுவதா? தென்பகுதியில் சில ஊர்களில் அந்த நடனத்தையே வெட்டி எறிந்தார்கள்.

அதன் பிறகு சகோதரர்களுக்கு ஹாலிவுட்டில் வாய்ப்பு இல்லை. ஐரோப்பாவுக்குப் போனார்கள். தம்பி பல ஆண்டுகள் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். அங்கே ரசிகர்கள் அவர்களைக் கொண்டாடினார்கள்.

சினிமாக் கொட்டகைகளிலும் ஓட்டல்களிலும் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்யும் சட்டம் 1964-ம் ஆண்டுதான் அமெரிக்காவில் வந்தது. அண்ணன் பயார்டு, 1970-ல் வந்த ஒரு படத்தில் நடனம் இல்லாத குணச்சித்திர வேடத்தில் நடித்துப் பாராட்டுப் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டி விட்டது!

காலம் கொடுத்த தீர்ப்பு

காலம் மாறியது. பழைய படங்களை ஜனங்கள் மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

1989-ல் "பிளாக் அண்டு புளூ" என்ற நாடகத்துக்கு நடனம் அமைத்ததற்காகப் பயார்டுக்கும் அவரோடு பணியாற்றியவர்களுக்கும் "டோனி" பரிசு கிடைத்தது. 1990-ல் பாடகி ஜேனட் ஜாக்சன் தம் பாட்டுப் படம் ஒன்றில் சகோதரர்கள் இருவரையும் தோன்றச் செய்தார். 1991-ல் அமெரிக்காவின் பெரிய கலை விருதான "கென்னடி மைய" விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் 2001-ம் ஆண்டு "ஸ்டார்மி வெதர்" சேர்க்கப்பட்டது.

தம்பி 2000-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் காலமானார். அண்ணன் 2006-ம் ஆண்டு ஜனவரி மாதம் லாஸ் ஏஞ்சல்சில் காலமானார். அண்ணனுக்கு வயது 91.

வேடிக்கையைப் பாருங்கள். அவர்கள் ஆடிய படங்கள் பலவற்றின் கதை இன்று யாருக்கும் நினைவில்லை. கதாநாயகன் யார், கதாநாயகி யார் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனால் அண்ணனும் தம்பியும் ஆடும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். எதை வெட்டி எறியலாம் என்று நினைத்தார்களோ, அதுதான் நின்றது!

எப்படிப் பார்ப்பது?

இந்தப் பழைய நடனங்களை ரசிக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நடன இலக்கணமும் தெரிய வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று: காட்சி எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணுங்கள். நல்ல நடனக்காரர் தலை முதல் கால் வரை தெரியும்படி, நீண்ட நேரம் வெட்டாமல் ஆடுவார். பிரெட் அஸ்டேர் இதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். முகத்தை ஒரு துண்டாகவும் காலை ஒரு துண்டாகவும் காட்டினால், ஆட்டத்தின் அழகு போய் விடும்.

இரண்டு: ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பூட்ஸ் ஓசையே ஒரு தனி வாத்தியமாகக் கேட்கும். படம் எடுத்த பிறகு, இந்த ஓசையைத் தனியாக ஒலிப்பதிவு செய்து சேர்ப்பதும் உண்டு.

மூன்று: கையைப் பாருங்கள். கால் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பயார்டின் கைகள் பட்சியின் சிறகு போல அமைதியாக விரியும். கால் படும் பாட்டைக் கை காட்டிக் கொடுக்காது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். முடிந்ததும், "இன்னொரு தடவை!" என்று கேட்பார்கள். கூடவே, "இவ்வளவு நன்றாக ஆடியவர்களை ஏன் வெட்டினார்கள்?" என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.