பொம்மைப் புலியும் போட்மின் விலங்கும்

2011ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் ஒரு வயல்வெளியில் வெள்ளைப் புலி ஒன்று படுத்திருப்பதாகக் காவல் துறைக்குத் தகவல் வந்தது. காவலர்கள் விரைந்தனர். விலங்கியல் தோட்டத்தின் உதவி கோரப்பட்டது. பக்கத்துக் கோல்ஃப் திடலில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஹெலிகாப்டர் ஒன்று வயலின் மேலே வட்டமிட்டது. அதிலிருந்த வெப்பப் படக்கருவியின் வழியே பார்த்தபோதுதான், அந்தப் புலியின் உடலில் வெப்பமே இல்லை என்பது தெரிந்தது. சற்று நேரத்தில் ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் புலி உருண்டு போனது. அது உண்மைப் புலியின் அளவில் செய்யப்பட்ட பொம்மை!

சிரிப்பு வருகிறது, அல்லவா? ஆனால், அந்தக் காவலர்களைக் குறை சொல்ல முடியாது. புலியோ சிங்கமோ சிறுத்தையோ இன்று பிரிட்டனில் இயற்கையாக வாழ்வதில்லை. இருப்பினும், அந்நாட்டின் கிராமப்புறங்களில் பெரிய பூனை போன்ற விலங்கைக் கண்டதாக ஆண்டுதோறும் பலர் கூறுகின்றனர். அவர்களுள் உழவர்கள் உண்டு. இரவில் வண்டி ஓட்டிச் செல்பவர்கள் உண்டு. நாயுடன் காலாற நடப்பவர்களும் உண்டு. அவர்கள் அனைவரும் பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா? அப்படியானால் அவர்கள் கண்டது எதை?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மை வரலாறு இருக்கிறது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் சிங்கக்குட்டியையோ சிறுத்தைக்குட்டியையோ விலைக்கு வாங்கி வீட்டில் வளர்க்கத் தடை இல்லை. 1969இல் இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், இலண்டனின் புகழ்பெற்ற ஹேரட்ஸ் பேரங்காடியிலேயே ஒரு சிங்கக்குட்டியை வாங்கினார்கள். கிறிஸ்டியன் என்று பெயரிடப்பட்ட அந்தச் சிங்கம், தட்டுமுட்டுப் பொருள் விற்கும் கடை ஒன்றின் நிலவறையில் வளர்ந்தது. குட்டி வளர்ந்து பெரிதானபோது, அதை இலண்டனில் வைத்திருக்க முடியாது என்பதை உணர்ந்து கென்யாவுக்கு அனுப்பி வைத்தார்கள். எல்லா உரிமையாளர்களுக்கும் அத்தகைய வழி கிடைத்திருக்காது.

1976இல் ஆபத்தான வனவிலங்குகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய விலங்குகளை வளர்க்க உரிமம் தேவைப்பட்டது. உரிமத்துக்குக் கட்டணம், பாதுகாப்பான கூண்டு, காப்புறுதி என்று செலவு ஏறியது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உரிமமின்றி வளர்ப்பதைத் தடுத்த அந்தச் சட்டம், விலங்கைக் காட்டில் விட்டுவிடுவதைத் தடுக்கவில்லை. அந்நிய விலங்குகளை வெளியில் விடுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1981இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சிலர் தங்கள் விலங்குகளை இரவோடு இரவாகக் காட்டுப்பகுதிகளில் விட்டிருக்கலாம். அவற்றின் வழித்தோன்றல்களே இன்று மக்களின் கண்ணில் படுகின்றன என்பது பலரின் வாதம்.

இந்த வாதம் பெரிதாகச் சோதிக்கப்பட்ட இடம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால். அங்குள்ள போட்மின் மூர் என்பது மரங்கள் குறைந்த, பாறையும் புல்லும் நிறைந்த மேட்டுநிலம். செம்மறியாடுகள் மேயும் இடம். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆடுகள் கிழிக்கப்பட்டு இறந்து கிடந்தன. கறுப்பு நிறத்தில் பெரிய பூனை ஒன்றைக் கண்டதாகப் பலர் கூறினர். நாளிதழ்கள் அதற்குப் 'போட்மின் விலங்கு' என்று பெயர் சூட்டின. ஆட்டை இழந்தவர்களுக்கோ அது வெறும் பரபரப்புச் செய்தி அன்று. ஒவ்வோர் ஆடும் அவர்களுடைய வருமானம். அவர்கள் அரசாங்கத்திடம் பதில் கேட்டனர்.

1995 ஜனவரியில் வேளாண்மை அமைச்சு ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் உழைத்தனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளிமையானது. அதனாலேயே அது நம் கவனத்துக்கு உரியது. மக்கள் எடுத்த புகைப்படங்களையும் காணொளிகளையும் வாங்கிக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட அதே இடத்துக்குச் சென்றனர். விலங்கு நின்ற இடத்தில் ஓர் அளவுகோலை நட்டு மீண்டும் படம் பிடித்தனர். பெரிய சிறுத்தையைப் போலத் தோன்றிய விலங்கின் தோள் உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான் என்று அளவுகோல் காட்டியது. அது வீட்டுப்பூனையின் உயரம். மக்கள் எடுத்து வைத்திருந்த காலடித்தட அச்சுகள் பூனைக்கும் நாய்க்கும் உரியவையாக இருந்தன.

திறந்த வெளியில் ஒரு விலங்கைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது, அதன் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருப்பதில்லை. அருகில் நிற்கும் சிறிய பூனையும் தொலைவில் நிற்கும் பெரிய பூனையும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். மாலை மங்கலில் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அளந்து சொன்ன அளவுதான் தவறு.

ஆய்வறிக்கை ஜூலையில் வெளியானது. போட்மின் மேட்டுநிலத்தில் பெரும்பூனை இருப்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை என்று அது கூறியது. அதே வேளையில், அங்கே அப்படி ஒரு விலங்கு இல்லவே இல்லை என்று மெய்ப்பிக்கவும் முடியாது என்றும் கூறியது. நேர்மையான வாக்கியம் அது. ஆனால், ஆட்டை இழந்தவருக்கு அதனால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

அறிக்கை வெளிவந்த சில நாள்களிலேயே கதை திரும்பியது. ஃபோவி ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தான். நீண்ட கோரைப்பற்கள். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை ஆராய்ந்தது. அது உண்மையான சிறுத்தையின் மண்டையோடுதான்! ஆனால், அதன் பின்பகுதி வெட்டப்பட்டிருந்தது. எலும்பில் கத்திக்கீறல்கள் இருந்தன. உள்ளே ஒரு கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. அந்தக் கரப்பான் வெப்பமண்டல நாடுகளில் வாழும் இனம். ஆகவே, அந்தச் சிறுத்தை இங்கிலாந்தில் இறக்கவில்லை. தலையோடு சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட சிறுத்தைத்தோல் விரிப்பின் பகுதியாக அந்த மண்டையோடு கடல் கடந்து வந்திருந்தது. ஒரு பூச்சியின் முட்டைக்கூடு ஒரு சிறுத்தையின் முகவரியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, சான்று கிடைக்கவில்லை. ஆனால், சிறுத்தை ஒன்று அந்த மண்ணில் உயிர்வாழத்தான் முடியுமா? முடியும். குளிர் தடையே அன்று. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் பனியில் வாழும் சிறுத்தைகள் உள்ளன. இரைக்கும் பஞ்சமில்லை. பிரிட்டனில் மானும் முயலும் ஏராளம். செம்மறியாடுகள் மட்டுமே மூன்று கோடிக்கு மேல். 1980இல் ஸ்காட்லாந்தின் கேனிக் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வைத்த பொறிக்கூண்டில் பூமா ஒன்று உண்மையாகவே சிக்கியது. ஆனால், அது மனிதரிடம் பழகிய, நன்கு உண்டு கொழுத்த விலங்காக இருந்தது. யாரோ வளர்த்து வெளியில் விட்டது என்றே கருதப்படுகிறது. ஃபெலிசிட்டி என்று பெயர் பெற்ற அந்தப் பூமாவின் உடல் இறந்த பின் பாடம் செய்யப்பட்டு இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

மனிதர் நிறைந்த இடத்தில் சிறுத்தை மறைந்து வாழ முடியுமா என்ற கேள்விக்கு இந்தியா பதில் தருகிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் அகோலே வட்டாரத்தில் காடு இல்லை; கரும்புத் தோட்டங்களும் ஊர்களும்தான். ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வசிக்கின்றனர். அங்கே வித்யா அத்ரேயா என்னும் ஆய்வாளரும் குழுவினரும் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்தினர். 100 சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிறுத்தைகள் வாழ்வது தெரிய வந்தது. காட்டு இரை இல்லாத அந்த இடத்தில் அவற்றின் முக்கிய உணவு நாய்கள். பகலில் கரும்புக்குள் படுத்திருந்து, ஊர் அடங்கிய பின் அவை வெளிவந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அகோலேயில் படக்கருவி வைத்தவுடன் தெளிவான படங்கள் கிடைத்தன. மறைந்து வாழ்வது வேறு, தடயமே இல்லாமல் வாழ்வது வேறு.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. அவை பரந்த அடர்ந்த காடுகளில் சிதறி வாழ்கின்றன. அப்படியிருந்தும் படக்கருவிகளில் பதிவாகின்றன. தோட்டப்புற மக்களின் கண்ணில் படுகின்றன. சாலையில் அடிபட்டும் இறக்கின்றன. 2016 பிப்ரவரியில் திரெங்கானுவில், கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்த பெண்புலி கருவுற்றிருந்தது. அரிதான விலங்காக இருந்தாலும் அதன் உடல் என்றாவது ஒரு நாள் மனிதர் முன் வந்து கிடக்கிறது. பிரிட்டனிலோ காடு குறைவு, சாலைகள் அதிகம். கைப்பேசிப் படக்கருவி இல்லாத ஆளே இல்லை. எனினும், சாலையோரத்தில் ஒரு சிறுத்தையின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

காலக்கணக்கும் இடிக்கிறது. காட்டுச்சிறுத்தையின் ஆயுள் பெரும்பாலும் 15 ஆண்டுகளைத் தாண்டாது. 1976இல் அவிழ்த்து விடப்பட்ட விலங்கு எப்போதோ இறந்திருக்க வேண்டும். இன்றும் சிறுத்தை உண்டு என்றால், ஆணும் பெண்ணும் சேர்ந்து பல தலைமுறைகளாகக் குட்டி போட்டு வந்திருக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு போதாது. ஒரு கூட்டமே வேண்டும். கூட்டம் பெருகப் பெருகத் தடயங்களும் பெருகும்.

நிறமும் ஓர் ஐயத்தைக் கிளப்புகிறது. பிரிட்டனில் கண்டதாகச் சொல்லப்படும் பூனைகளில் பெரும்பாலானவை கறுப்பு. உலகிலுள்ள சிறுத்தைகளிலோ ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கறுப்பு. பூமாவில் கறுப்பு நிறம் உறுதி செய்யப்பட்டதே இல்லை. ஏறக்குறைய எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பாக இருக்கும் இடம் எது தெரியுமா? நாம் வாழும் மலாயாத் தீபகற்பம்! நம் காட்டுக் கறுஞ்சிறுத்தைகளுக்கும் புள்ளிகள் உண்டு; கறுப்புக்குள் அவை புதைந்து கிடக்கின்றன. திரெங்கானுவின் கென்யிர் பகுதியில் ஆய்வாளர்கள் படக்கருவிகளைப் பகலிலும் அகச்சிவப்பு ஒளியில் இயங்குமாறு மாற்றியமைத்தனர். அப்போது புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் கண்டனர். பிரிட்டனில் கறுஞ்சிறுத்தையை விரும்பி வளர்த்தவர்களும் இருந்திருக்கலாம் என்பதால், நிறம் மட்டுமே வாதத்தை முடித்துவிடாது. ஆனால், கறுப்பு மிகச் சாதாரணமாகக் காணப்படும் பூனை ஒன்று அங்கே ஊரெங்கும் திரிகிறது. அது வீட்டுப்பூனை.

அப்படியென்றால் ஆடுகளைக் கொன்றது எது? பெரும்பூனை இரையின் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். கட்டவிழ்ந்த நாய்கள் பின்னங்கால்களையும் விலாவையும் கடித்துக் குதறும். நோயால் இறந்த ஆட்டை நரியும் காகமும் தின்ற பிறகு பார்த்தால், ஏதோ கொடிய விலங்கு கிழித்ததுபோலவே இருக்கும். 2012இல் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில் இறந்து கிடந்த மான்களைப் பெரும்பூனையே கொன்றது என்று பலர் நம்பினர். மரபணுச் சோதனையில் கிடைத்தது நரியின் தடயம். இது ஆட்டுக்காரருக்கு அவசியமான செய்தி. பக்கத்து வீட்டு நாய் செய்த வேலைக்குச் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருந்தால், அடுத்த வாரமும் அவர் ஆட்டை இழப்பார்.

வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணும்போது புதிய செய்தி வந்தது. 2023இல் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இறந்து கிடந்த ஓர் ஆட்டின் உடலிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. வாரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் அலபி அதைச் சோதித்தார். சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவை அடங்கிய பேரினத்தின் மரபணு அதில் இருந்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. எந்த விலங்கு என்று அதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால், ஒரே ஒரு மாதிரியை வைத்து நாடு முழுவதும் சிறுத்தைகள் பெருகிவிட்டன என்று முடிவு கட்டவும் கூடாது. இன்னோர் ஆட்டில், இன்னோர் ஆய்வகத்தில் இதே முடிவு வந்தால் பேச்சே மாறிவிடும்.

ஒன்றிரண்டு விலங்குகள் எப்போதாவது வெளியில் விடப்படுகின்றன என்பதில் மட்டும் ஐயமில்லை. 2001இல் இலண்டன் நகரின் வடபகுதியிலேயே லின்க்ஸ் எனப்படும் நடுத்தர அளவுக் காட்டுப்பூனை ஒன்று பிடிபட்டது. 2025 ஜனவரியில், கடுங்குளிரில், ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் நான்கு லின்க்ஸ்களை யாரோ சட்டத்துக்குப் புறம்பாக விட்டுச் சென்றனர். அவை எவருக்கும் தெரியாமல் பல்லாண்டுக் காலம் மறைந்து வாழவில்லை. ஓரிரு நாள்களிலேயே மக்களின் கண்ணில் பட்டன. உணவு வைத்த கூண்டுகளுக்குள் தாமாகவே நுழைந்தன. பிடிபட்ட நான்கில் ஒன்று விரைவில் இறந்தது. மற்ற மூன்றும் விலங்கியல் தோட்டத்தில் சேர்க்கப்பட்டன.