நீண்ட மீன்தொட்டியில் நீரோட்டம்

இல்லத்தில் மீன் வளர்ப்போர் பலர் தொட்டியின் நீளத்தையே அதன் சிறப்பாகக் கொள்வர். நீண்ட தொட்டி காட்சிக்கு இனியது. மீன்கள் தடையின்றி நீந்துதற்கும் இடமளிப்பது. ஆயினும், அத்தகைய தொட்டியின் ஒரு முனையில் மீன்கள் களிப்புற்றுத் திரிய, மறுமுனையில் கழிவு படிந்து செடிகள் அழுகுதலைப் பலவிடங்களிற் காணலாம். வடிகட்டி இயங்குகின்றது, காற்றுக்குமிழிகளும் எழுகின்றன, இருந்தும் நீர் கெடுகின்றது. இதற்குக் காரணம் யாது? கருவி இல்லாமையன்று, நீர் செல்லும் வழி செவ்வனே அமையாமையே காரணமாகும்.

இதனை உணர்தற்கு, ஒட்சிசன் நீரிற் கரையும் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. ஒரு லீற்றர் நன்னீரோ, 20 பாகை செல்சியசில் ஏறக்குறைய 9 மில்லிகிராமையும், 30 பாகையில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமையுமே தன்னகத்துக் கொள்ளவல்லது. வெப்ப நாடுகளில் வளர்க்கப்படும் மீன்களுக்குக் கிடைக்கும் பங்கு இவ்வாறு இயல்பாகவே குறைந்தது. அப்பங்கும் நீரின் மேற்பரப்பின் வழியாகவே பெரும்பாலும் உட்புகுகின்றது. அசையாத நீரில் ஒட்சிசன் தானாகப் பரவும் வேகம், காற்றிற் பரவும் வேகத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாம். முற்றும் அசைவற்ற நீரில், மேற்பரப்பிலிருந்து 30 சதமமீற்றர் ஆழத்தை அது அடைதற்கு மாதங்கள் பல செல்லும். மீனோ சில நிமிடங்கள் தானும் காத்திராது. ஆகவே, அடிநீரை மேலேற்றி, மேல்நீரைக் கீழிறக்கும் ஓட்டமே மீனுக்கு உயிர் எனலாம்.

காற்றுக்கல்லிலிருந்து எழும் குமிழிகளே நீருக்கு ஒட்சிசனை ஊட்டுகின்றன என்பது பலர் கருத்து. குமிழிகளிலிருந்து கரைவது சிறு பகுதியே. அவை மேலெழும்போது அடிநீரைத் தம்முடன் இழுத்துச் சென்று மேற்பரப்பைக் கலக்குதலே அவற்றின் தலையாய பயன். அப்பயனும் கல் கிடக்கும் இடத்தைச் சூழ்ந்தே நிகழ்கின்றது. நீண்ட தொட்டியின் மறுகோடிக்கு எட்டுவதில்லை.

கழிவின் செய்தியும் இத்தகையதே. மீன்களின் செவுள்வழி வெளியேறும் அமோனியா நச்சுத்தன்மை உடையது. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் வாழும் பற்றீரியங்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை அத்தொழிலைச் செய்தற்கும் ஒட்சிசன் வேண்டும். வடிகட்டியை அடையாத நீர் எத்துணைச் சிறந்த வடிகட்டியாலும் தூய்மை பெறாது.

இவ்வுண்மை வரலாற்றாலும் விளங்கும். 1850 ஆம் ஆண்டில் ஆங்கில இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன், பொன்மீன், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றை ஒருங்கு வைத்து, நீரை மாற்றாமலே பேணும் முறையை வெளியிட்டார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிற் பொதுமக்களுக்கான மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. சிறு கலங்களுக்கு வாரிங்டனின் முறை ஏற்றதாயினும், பெருந்தொட்டிகளுக்கு அது போதவில்லை. வில்லியம் அல்போட் லொயிட் என்பார் 1864 இல் ஹாம்பேக்கிலும், 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் அமைத்த காட்சிசாலைகளில், இருண்ட பெருந்தேக்கத்திலிருந்து பம்பிகளால் நீரை இடையறாது சுழலச் செய்தார். இன்றைய வீட்டுத் தொட்டியின் வடிகட்டியும் அக்கொள்கையின் சிற்றுருவமேயாம்.

இனி, நீண்ட தொட்டிக்குரிய இடர்ப்பாட்டை ஆராய்வோம். 120 சதமமீற்றர் நீளமும், 40 சதமமீற்றர் அகலமும், 45 சதமமீற்றர் உயரமும் உடைய தொட்டி ஏறக்குறைய 200 லீற்றர் நீர் கொள்ளும். மணிக்கு நான்கு மடங்கு நீர் வடிகட்டியூடாகச் செல்லல் வேண்டும் என்னும் நடைமுறை விதிப்படி, 800 லீற்றர் செலுத்தும் பம்பி போதும் என எண்ணத் தோன்றும். ஆனால், உறிஞ்சு குழாயும் வெளிவிடு குழாயும் அருகருகே இருப்பின், வெளிவந்த நீரே மீண்டும் உட்புகும். கணக்கு நிறைவுறும், மறுகோடி தேங்கும். மேலும், குழாயிலிருந்து பாயும் நீர் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு அகன்று, போகப்போக விரைவு குன்றும். தூரம் இருமடங்காகுங்கால் விரைவு ஏறக்குறையப் பாதியாகும்.

இதற்குரிய பரிகாரம், தொட்டி முழுவதையும் தழுவிய ஒரே சுழற்சியை உண்டாக்குதலாகும். வெளிவிடு குழாயை ஒரு முனையில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தொட்டியின் நீளவாட்டில் நோக்குமாறு பொருத்துக. நீர் மேற்பரப்பை அலைத்துச் சென்று, எதிர்முனைக் கண்ணாடியில் மோதிக் கீழிறங்கி, அடித்தளத்தின் வழியே திரும்பும். புறப்பட்ட முனையின் அடியில் உறிஞ்சு குழாய் இருப்பின், திரும்பும் நீர் கழிவையும் தன்னுடன் கொணரும்.

ஒரு பம்பியின் விசை போதாதாயின் இரண்டாவதைச் சேர்க்கலாம். அதனை முதலாவதற்கு நேரெதிரே வைத்தல் தவறு. இரு ஓட்டங்களும் நடுவே மோதிக் கழிவை அங்கே குவிக்கும். முதலாவது பின்கண்ணாடியை ஒட்டி இடமிருந்து வலமாகச் செலுத்தின், இரண்டாவது முன்கண்ணாடியை ஒட்டி வலமிருந்து இடமாகச் செலுத்தல் வேண்டும். அப்போது ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும். பெருங்கற்களைப் பின்கண்ணாடியோடு சேர்த்து அடுக்காது, நீர் புகுந்து செல்ல இடைவெளி விடுதலும் நன்று.

ஓட்டத்தின் வலிமை மீனின் இயல்புக்கு இசைதல் வேண்டும். ஓடைகளில் விரைந்து நீந்தும் வரி டேனியோ மீன் வலிய ஓட்டத்தைத் தாங்கும். 1929 இல் தெரணியகல விவரித்த, இலங்கையின் ஈரவலய நிழலோடைகளுக்கே உரிய செரி பார்ப் மென்னோட்டத்தை விரும்பும். நீண்ட துடுப்புடைய சண்டைமீனோ மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கவல்லது. வல்லோட்டம் அதனைக் களைப்புறச் செய்யும். பம்பியின் வாயில் பல துளைகளுள்ள குழாயைப் பொருத்தின், நீரின் அளவு பெரிதுங் குறையாமலே வேகம் தணியும்.

ஓட்டம் அமைந்ததா என்பதை அறிதல் எளிது. நன்கு பொடித்த உணவைச் சிறிது தூவி, அது செல்லும் வழியை நோக்குக. அது எங்கே நின்றுவிடுகின்றதோ அங்கே நீர் தேங்குகின்றது. வைகறையில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்பின், இரவில் ஒட்சிசன் குறைந்தமைக்கு அஃது அறிகுறியாதல் கூடும். இருளிற் செடிகளும் ஒட்சிசனை உட்கொள்ளும் என்பதை மறத்தலாகாது. மின்தடை நேருங்கால் உணவிடாது, குவளையால் நீரை மொண்டு மேலிருந்து வார்த்தல் உதவும். மூடிய வடிகட்டி பல மணிநேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய கெட்டநீரை வெளியேற்றிய பின்னரே மீண்டும் இயக்குக. அதன் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் பற்றீரியங்கள் பிழைக்கும்.

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீன், நீர் கெட்டவிடத்தை விட்டு நல்லவிடம் நாடிச் செல்லும். தொட்டி மீனுக்கு அவ்வுரிமை இல்லை. அதன் உலகத்தின் எல்லை நான்கு கண்ணாடிகளே. கமத்திற்கு நீர் பாய்ச்சுவோன் வாய்க்காலின் தலைப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதில்லை; கடைசிப் பாத்தி நனைந்ததா என்றே நோக்குவான். மீன் வளர்ப்போனும் பம்பியின் அருகே நில்லாது, தொட்டியின் கடைமூலையிற் கண்வைத்தல் வேண்டும். அம்மூலை தெளிவாயின் தொட்டி முழுவதும் நலமுடையதாகும்.